ஜனவரி 26க்குள் பூக்க வேண்டும்

பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள் மாசி பிறந்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள். "கடையில் வாங்கும்போது இலையே தெரியாத அளவுக்குப் பூத்திருந்தது. வீட்டுக்கு வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, எல்லாம் போச்சு. ஏதாவது மருந்து போட்டு ஏமாற்றுகிறார்களா?" கேட்கிற தொனியிலேயே பதிலும் இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவர்கள் முடிவு செய்திருப்பார்கள்.

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் நர்சரிக்காரருக்கு நியாயமாக இருக்காது, உங்கள் செடிக்கும் உதவாது. அந்தச் செடி கடைக்கு வந்த வழியைத் தெரிந்துகொண்டால் அது ஏன் வாடியது என்பது தானாக விளங்கும்.

முதலில் இடத்தைப் பற்றி. லால்பாக் 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். இன்று சுமார் 240 ஏக்கர். அதன் நடுவே நிற்கும் கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். லண்டனின் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்து இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய கட்டடம் அது. ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு தினத்தை ஒட்டியும் சுதந்திர தினத்தை ஒட்டியும், கர்நாடகத் தோட்டக்கலைத் துறையும் மைசூர் தோட்டக்கலைச் சங்கமும் சேர்ந்து அங்கே கண்காட்சி நடத்துகின்றன. மாளிகைக்குள் பூக்களாலேயே கட்டிய பெரிய உருவங்கள் இருக்கும். கூட்டம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. வெளியே வரிசையாகக் கடைகள்: விதை, உரம், தொட்டி, நாற்று, ஒட்டுச் செடி. சிறிய நர்சரிக்காரர் நிற்பது இந்த வரிசையில்தான்.

தமிழர்களுக்கு இந்த இடம் அந்நியமானதல்ல. பெங்களூரின் பழைய தோட்டத் தொழிலில் திகளர் சமூகத்தின் கை பெரியது. தமிழ் வேர் கொண்ட மக்கள் அவர்கள். சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயர் கோயிலிலிருந்து கிளம்பும் கரகம் அவர்களுடைய திருவிழாதான். இன்றைக்கு அந்த ஊருக்குப் பூவும் செடியும் கொடுக்கும் இடங்களில் முக்கியமானது தமிழ்நாட்டின் ஓசூர். நாற்பது கிலோமீட்டர் தூரம். ஏறக்குறைய அதே உயரம், அதே காற்று, அதே குளிர். ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் ஒரு ஏக்கர் நிலத்தில் நர்சரி வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவரை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

அவருடைய தலைவலி தேதியிலிருந்து தொடங்குகிறது. பொதுவாக ஒரு தோட்டம் எப்போது நன்றாக இருக்குமோ, அப்போது கண்காட்சி வைப்பார்கள். ஊட்டியில் மே மாதம் வைப்பதற்குச் சுற்றுலாவும் காரணம், பருவமும் காரணம். லால்பாக்கில் தேதியைக் குறித்தது பருவம் அல்ல. ஒன்று அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த நாள், மற்றொன்று நாடு விடுதலை பெற்ற நாள். பெட்டூனியாவுக்கு இரண்டும் தெரியாது. ஆனாலும் அது ஜனவரி மூன்றாம் வாரம் மொட்டு விரித்தாக வேண்டும். முகூர்த்தம் குறித்தபின் கல்யாண வீட்டில் எல்லா வேலையையும் பின்னோக்கி எண்ணுவது மாதிரி, நர்சரிக்காரரும் அந்த வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பிக்கிறார்.

ஜினியா விதை போட்டு ஐம்பது, அறுபது நாளில் பூக்கும். செண்டுமல்லிக்கு ஏறக்குறைய அறுபது, எழுபது நாள். பெட்டூனியாவுக்குப் பதினோரு, பன்னிரண்டு வாரம். ஆக ஜனவரி 18 வாக்கில் கடை போட வேண்டுமானால் பெட்டூனியா விதை அக்டோபர் கடைசி வாரத்தில் குழித்தட்டில் விழ வேண்டும், செண்டுமல்லி நவம்பர் நடுவில், ஜினியா அதற்கும் சற்றுப் பின்னால்.

கணக்கு சுலபம். சிக்கல் அக்டோபரில் இருக்கிறது. ஓசூர், பெங்களூரு மேட்டு நிலத்தில் செப்டம்பர், அக்டோபர்தான் நல்ல மழைக்காலம். பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் சுமார் 10,000 வரும். முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும், அதனால் மண் போட்டு மூடவும் முடியாது. அந்தச் சின்ன நாற்று ஈரக் காற்றில் இருந்தால் தண்டின் அடியில் பூஞ்சை பிடித்து வரிசையாகச் சாயும். நாற்றழுகல் என்பார்கள். இரவு பார்த்துவிட்டுப் போன தட்டு காலையில் பாதி காலியாகக் கிடக்கும். பெரிய நிறுவனத்துக்குச் சூழலைக் கட்டுப்படுத்தும் பசுமைக்குடில் இருக்கும். நம் ஆளிடம் பாலித்தீன் கூரையும் நிழல்வலையும்தான் உண்டு.

அதனால் அவர் ஒரே நாளில் விதைப்பதில்லை. பத்து நாள் இடைவெளி விட்டு மூன்று தவணையாக விதைக்கிறார். முதல் தவணை முந்திப் பூத்தால் பொங்கல் வாடிக்கையாளருக்குப் போகும். நடுத் தவணை கண்காட்சித் தொடக்கத்துக்கு. கடைசித் தவணை, கண்காட்சியின் பின்பாதியில் வாடியதை எடுத்துவிட்டு வைப்பதற்கு. ஒரு தவணை அழுகிப்போனாலும் கடை முழுக்கக் காலியாகாது. பூத்துக் குலுங்கும் ஒரு தொட்டியை நீங்கள் வாங்கும்போது, அழுகிப்போன தட்டுகளின் செலவும் அந்த விலைக்குள் இருக்கிறது.

விதைத்த பிறகு செடியை ஓட்டவும் பிடித்து நிறுத்தவும் வழிகள் உண்டு. முந்திக்கொண்டு ஓடும் செடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும், பூ தள்ளிப்போகும், செடியும் புதராகும். கிள்ளுவதற்குக் கடைசி நாள் எது என்பதில்தான் அனுபவம் தெரியும். இரண்டு நாள் தாமதமாகக் கிள்ளிவிட்டால் கண்காட்சி நாளில் அழகான பச்சைப் புதர் மட்டும் இருக்கும். பின்தங்கிய செடியை வெயிலுக்கு நகர்த்துவார், முந்தியதை நிழல்வலைக்குள் இழுப்பார். முதல் மொட்டுகளைப் பிய்த்து எறிவார். பார்க்கிறவருக்கு வயிறு எரியும், ஆனால் அதனால்தான் அடுத்து வரும் மொட்டெல்லாம் ஒன்றாகத் திறக்கும்.

ரோஜாவுக்குக் கணக்கு வேறு. அதற்கு விதைக்கும் நாள் கிடையாது, கவாத்து செய்யும் நாள்தான் எல்லாம். பெங்களூருத் தட்பவெப்பத்தில் கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் 45 நாளில் புதுத் துளிர் வளர்ந்து பூ விரியும். அப்படியானால் டிசம்பர் முதல் வாரம் கத்தரி எடுக்க வேண்டும். அந்த ஆண்டு குளிர் அதிகமென்றால் சில நாள் முந்திக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் விநோதமானது சாமந்தி. ஓசூர்ப் பக்கம் இரவில் போனவர்கள், குடில்களுக்குள் வரிசையாக விளக்கு எரிவதைப் பார்த்திருக்கலாம். காவலுக்கு என்று நினைப்போம். உண்மையில் அது சாமந்தியைப் பூக்கவிடாமல் வைத்திருக்கும் வேலை. 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், ஆலர்ட் என்ற இருவர் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். மேரிலேண்ட் மாமத் என்ற ஒரு புகையிலை வகை கோடை முழுக்க உயரமாக வளர்ந்துகொண்டே போனது, பூக்கவில்லை. பகல் குறுகியதும் பூத்தது. பல செடிகள் பகலின் நீளத்தைக் கொண்டு பருவத்தை அறிகின்றன என்பது அப்போது புரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போய், செடி உண்மையில் எண்ணுவது இடைவிடாத இரவின் நீளத்தைத்தான் என்று காட்டின.

சாமந்திக்கு நீண்ட இரவு வந்தால் மொட்டு வைக்கத் தோன்றும். நம் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அதாவது சாமந்தியின் கணக்கில் இங்கே எப்போதுமே இரவு போதுமான அளவு நீளம். சும்மா விட்டால் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடும். அதனால் நள்ளிரவை ஒட்டிச் சில மணி நேரம் விளக்கைப் போட்டு அந்த இரவை இரண்டாக வெட்டுகிறார்கள். செடி இரவு சின்னது என்று எண்ணிக்கொண்டு வளர்கிறது. வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். அங்கிருந்து ரகத்தைப் பொறுத்து எட்டு, பத்து வாரத்தில் பூ. விளக்கை அணைத்த நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்துவைத்தால் போதும், பூக்கும் வாரத்தைச் சொல்லிவிடலாம்.

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1908இல் பெங்களூருக்கு வந்து லால்பாக்கின் பொறுப்பை ஏற்றவர் கிரும்பிகல். மாதத்துக்கு ஒரு வகை மரம் பூக்கும்படி, ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது தொடங்கும்படி அந்த ஊரின் சாலை மரங்களைத் திட்டமிட்டவர். எந்த மரத்தையும் அவர் அவசரப்படுத்தவில்லை. எது எப்போது பூக்கும் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற இடத்தில் நட்டார். கண்காட்சிக்குச் செடி வளர்ப்பவர் செய்வது நேர் எதிர் வேலை. இரண்டுக்கும் வேண்டிய அறிவு ஒன்றுதான், ஆனால் கிரும்பிகல் மரத்தின் நாளை ஏற்றுக்கொண்டார், நர்சரிக்காரர் நம் நாளைச் செடியின் மேல் ஏற்றுகிறார். அதற்கான விலையைப் பிறகு யாராவது கொடுத்தாக வேண்டும்.

அதற்கு முன் ஆகஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரி எவ்வளவோ தேவலை. குளிர்ந்த இரவு, தெளிந்த வெயில், மழை இல்லை. பெட்டூனியா, சால்வியா, டேலியா எல்லாம் அந்தக் காற்றைக் கண்டால் மகிழ்ந்து பூக்கும். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவத்தின் சாரல், நாள்கணக்கில் மேகம். வெளிச்சம் குறைந்தால் செடி நெட்டையாக நீளும், நனைந்த இதழில் புள்ளி விழுந்து அழுகும். அதனால் விவரம் தெரிந்த சிறிய நர்சரிக்காரர் ஆகஸ்டில் பூவை நம்புவதில்லை. இலையை நம்புகிறார். கோலியஸ், குரோட்டன், கலாடியம், பெகோனியா, பெரணி, கொஞ்சம் ஆந்தூரியம். பார்க்க வந்தவர்களுக்கு இவை இரண்டாம் பட்சமாகத் தோன்றலாம். வீட்டில் நெடுநாள் நிற்பவை பெரும்பாலும் இவைதான். நீங்கள் புதிதாகச் செடி வளர்க்கப் போகிறீர்கள் என்றால் ஜனவரிக் கடையைவிட ஆகஸ்ட் கடை உங்களுக்கு நல்லது.

இனி மருந்து விஷயம். சந்தேகம் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். செடியின் உடலில் ஜிப்பரலின் என்ற ஒன்று சுரக்கிறது, அதுதான் தண்டை நீட்டுவது. அதைத் தடுக்கும் பாக்லோபூட்ரசால் போன்ற மருந்துகள் உண்டு. அடித்தால் கணு நெருங்கி, செடி குட்டையாகி, பூ எல்லாம் மேலே ஒரே மட்டத்தில் தெரியும். எல்லோரும் அடிப்பதில்லை. ஆனால் மருந்தின் வேகம் வேரில் இருக்கும்வரை புதுத் துளிர் மந்தமாகத்தான் வரும். வீட்டில் இரண்டு மாதம் அசையாமல் நிற்கும் செடிக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். உரத்தைக் கொட்டினால் அசையாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

செடி தயார். அடுத்தது பயணம். குட்டியானை வண்டியில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, கூட்டம் வருவதற்கு முன் விடியலிலேயே தோட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். இதில் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு, எத்திலீன் என்ற வாயு. பழுக்கும் வாழைப்பழம் விடுவது அது, வண்டிப் புகையிலும் அது இருக்கிறது. பூவுக்கு அது முதுமையின் செய்தி. மூடிய வண்டியில் சில மணி நேரம் தேங்கினால் பெட்டூனியா தளரும், சால்வியா உதிரும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பழக்கூடை ஏற்றிய வண்டியில் பூச்செடியை ஏற்றமாட்டார்கள், தார்ப்பாயிலும் காற்றுக்கு வழி விடுவார்கள். நீங்களும் திரும்பும்போது காரின் பின்பெட்டியில் செடியையும் பழத்தையும் சேர்த்து அடைக்காதீர்கள்.

கடைக்கு வந்தபின் அவருக்கு வேறு கணக்கு. கண்ணாடி மாளிகைக்குள் பிரமித்து வெளியே வரும் மனிதருக்கு, பார்த்ததில் ஒரு துண்டையாவது வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றும். அந்த ஆசைக்கு முன்னால் ஒரு பெரிய, பூத்துக் குலுங்கும் தொட்டியை வைப்பார். அதை விற்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அதே செடியின் சின்னப் பை பக்கத்தில் நூறு இருக்கும், விற்பனை அதில்தான். லால்பாக் வாசலுக்கே மெட்ரோ வந்துவிட்டது. ரயிலில் திரும்புகிறவர் பெரிய தொட்டியைத் தூக்கமாட்டார், ஆறு அங்குலப் பை என்றால் இரண்டு வாங்குவார். எடை குறையட்டும் என்று பையில் செம்மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்க்கழிவை அதிகம் போட்டிருப்பார்கள். இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

கடை வாடகை, ஆள்கூலி, வண்டி, வாடிப்போனது எல்லாம் கழித்தால் அந்த நாள்களின் விற்பனை மட்டும் அவரைப் பணக்காரராக்காது. அவர் வருவது முகம் காட்ட. செடியோடு போகும் சீட்டில் நர்சரியின் பெயரும் எண்ணும் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டத்தைக் கவனிப்பவர், பள்ளிக்கு வேலி வைக்க நினைப்பவர், புது வீட்டுக்கு மாங்கன்று தேடுபவர் என்று நான்கைந்து பேர் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பங்குனியில் கூப்பிட்டால் அவருக்கு ஆண்டு ஓடும். அப்படிப்பட்டவர் உங்களை ஏமாற்றிவிட்டு என்ன செய்யப்போகிறார்?

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். அது ஏன் வாடியது? மூன்று காரணம் பார்க்கலாம்.

முதலாவது, அதன் ஆயுளே அவ்வளவுதான். பெட்டூனியா, ஜினியா, செண்டுமல்லி எல்லாம் ஒரு பருவச் செடிகள். நீங்கள் வாங்கிய அன்று அது தன் வாழ்வின் உச்சியில் நின்றது, அதற்காகத்தான் மூன்று மாதம் எண்ணி எண்ணி வளர்த்தார்கள். உச்சிக்குப் பிறகு இறக்கம். வாடிய பூவை விதை கட்டுமுன் கிள்ளி, கிளையைப் பாதியாக வெட்டி, கொஞ்சம் உரம் கொடுத்தால் பெட்டூனியா இன்னொரு சுற்று பூக்கும். அப்படியே விட்டால் விதை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சாய்ந்துவிடும்.

இரண்டாவது, ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி உயரத்தில், மார்கழிக் குளிரில் வளர்ந்த செடி அது. பெங்களூரில் ஜெயநகர் மாடிக்குப் போனால் அதற்கு வீடு மாறியதுகூடத் தெரியாது. சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோ போனால், பங்குனி வெயிலில் அதற்கு வேலையே இல்லை. கீழ்நாட்டுக்காரர்கள் அதை இரண்டு மாத விருந்தாளி என்று நினைத்து வாங்கினால் வருத்தம் வராது.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது, தண்ணீர். நார்க்கழிவில் வளர்ந்த வேர்க்கட்டியை எடுத்து உங்கள் செம்மண் தொட்டியில் புதைக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றினால் சுற்றியுள்ள மண் ஈரமாகத் தெரியும். ஆனால் வேர் எல்லாம் இன்னும் நடுக் கட்டிக்குள்தான் இருக்கிறது, அந்தக் கட்டி சீக்கிரம் காயும். மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரம் இருக்கிறது என்று நீங்கள் விட்டுவிட, செடி தாகத்தில் வாடுகிறது. நட்டு முதல் இரண்டு வாரம் தண்டை ஒட்டியே மெதுவாக ஊற்றுங்கள். வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றவும் வேண்டாம். நாலைந்து நாள் இளநிழலில் வைத்து, பயணக் களைப்பு தீர்ந்தபின் மாற்றலாம்.

அடுத்த முறை கடை முன் நிற்கும்போது கண்ணை முதலில் பூவில் வைக்காதீர்கள். பூவைவிட மொட்டு அதிகமாக உள்ள தொட்டியை எடுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் அங்கேதான் குடியிருக்கும். பையின் அடித் துளையில் வெள்ளையாக ஓரிரு வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பு வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தால் அந்தச் செடி நெடுநாளாகப் பையிலேயே கிடக்கிறது. ரோஜா என்றால் தண்டின் அடியில் ஒட்டுக்கட்டிய முடிச்சு தெரிய வேண்டும். வீட்டில் அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து வீரியமாகக் கிளம்பும் குருத்தைக் கண்டு மகிழாதீர்கள். அது வேர் கொடுத்த காட்டு ரோஜாவின் குருத்து, விட்டால் ஒட்டின பங்கை அமுக்கிவிடும். உடனே ஒடித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நர்சரிக்காரரிடம் வாய் திறந்து கேளுங்கள். "இது ஒரு பருவச் செடியா, வருஷக்கணக்கில் நிற்குமா? எங்கள் ஊர் சென்னை, தாங்குமா?" கூட்டம் நெரிக்கும் ஜனவரி 26 அன்று கேட்டால் பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. இடையில் ஒரு வேலை நாளில், காலையில் போங்கள். விளக்கை எப்போது அணைத்தார், எந்தத் தவணை அழுகியது என்பதுவரை சொல்வார். அவருடைய வேலையைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு.

ஆக, ஏமாற்றினார்களா என்ற கேள்விக்கு என் பதில் இது. அங்கே இரண்டு சரக்கு விற்கிறார்கள், பூவும் செடியும். இரண்டும் ஒரே பையில் இருப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். பொங்கல் முடிந்து வீட்டு வாசல் ஒரு மாதம் நிறமாக இருக்க வேண்டுமென்றால் பூவை வாங்குங்கள், வாடியதும் உரக்குழியில் போடுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். வருஷக்கணக்கில் நிற்பது வேண்டுமென்றால் அன்றைக்குப் பூவே இல்லாமல் மூலையில் நிற்கும் பையைக் கேளுங்கள். அவர் முகம் மலர்ந்து நல்ல கன்றாகப் பொறுக்கிக் கொடுப்பார், விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.